நகையும் ஆங்கில இலக்கணமும்

மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்துரைத்த தொல்காப்பியனார் அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கென வரையறுத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அவற்றுக்குப் பெயரும் இட்டார். செய்யுளாராய்ச்சியின் பொருட்டு எழுந்த இப்பகுப்பு, பிறமொழி பயிலும் வகுப்பறைக்கும் பொருந்துவது வியப்பைத் தருவதாகும். ஆங்கிலம் பயிலும் மாணாக்கன் ஒருவன் வாய்திறந்து பேச முற்படும்போது சுற்றியிருப்போரிடம் எழுகின்ற நகை இந்நான்கனுள் ஒன்றில் அடங்கிவிடும். எந்த நிலைக்களத்தில் அந்நகை பிறந்தது என்பதைப் பொறுத்தே அவன் அம்மொழியைக் கற்பானா, அன்றி வாய்மூடி அமர்வானா என்பது முடிவாகின்றது.

நகைச்சுவை நாடகங்கள் வாயிலாக ஆங்கிலச் சொற்களையும் இலக்கணத்தையும் எளிதிற் கற்பிக்கலாம் என்று கூறுவோர் இந்நாளிற் பலர். தொலைக்காட்சித் தொடர்களும் திரைப்படங்களும் கைத்தொலைபேசியிற் காணும் சிறு காட்சிகளும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. அக்கூற்று முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. நகைச்சுவை ஆக்கங்களுட் சில மொழியைக் கற்பிக்கின்றன; வேறு சில கற்பாரை அஞ்சுவிக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதைப் பலரும் அறிந்த சில ஆக்கங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி நமக்கு இன்றியமையாதது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855 வரை நிலவியது. அங்குக் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். ஆங்கிலத்தை நம் சமயமும் பண்பாடும் பேணுஞ் சூழலிற் கற்பிக்கவேண்டும் என்ற வேட்கையினாலேயே இந்துக் கல்லூரிகளும் தோன்றின. கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகம் நாடிச் சென்றோர்க்கு அம்மொழி சோறிட்டது. அதனாலேயே அதனை அறிந்தோர்க்கு மதிப்பும் அறியாதோர்க்கு நாணமும் உண்டாயின. 1956இல் அரசகருமமொழிச் சட்டம் வந்தது. தாய்மொழிவழிக் கல்வியும் பரவியது. ஆங்கிலம் போதனாமொழி என்ற நிலையினின்றும் ஒரு பாடம் என்ற நிலைக்கு வந்தது. ஆயினும் அந்நாணம் நீங்கிற்றில்லை. சிங்கள மாணவர் தம் பேச்சுவழக்கில் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பர்; அச்சொல்லுக்கு வாள் என்பது பொருள். திரு கந்தையா என்னும் மொழியியலறிஞர் 1984இல் இச்சொல்லையே தலைப்பிற் கொண்டு, ஆங்கிலம் இந்நாட்டில் ஒரு படைக்கலமாக வழங்குமாற்றை ஆராய்ந்தார். வாளினை ஏந்தியவன் நகைப்பதும் வாளின்முன் நிற்பவன் நகைப்பதும் ஒன்றாகா.

முதற்கண் எள்ளலை நோக்குவாம். மொழிவகுப்பையே களமாகக் கொண்ட நகைச்சுவைகளுள் உலகெங்கும் பெயர்பெற்றது 'மைன்ட் யுவர் லாங்குவிச்' என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர். வின்ஸ் பவல் எழுதிய இது 1977 முதல் 1979 வரை ஒளிபரப்பாகியது. பின்னர் 1986இலும் ஒருமுறை எடுக்கப்பட்டது. இலண்டனில் ஒரு மாலைவகுப்பு. பிறவுண் என்னும் இளம் ஆசிரியர். பல நாடுகளிலிருந்து வந்த மாணாக்கர். அவர்களுள் பாகிஸ்தானியர், சீக்கியர், இந்தியப் பெண், இத்தாலியர், யப்பானியர் முதலியோர் உளர். ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு பிழை சீதனமாக அளிக்கப்பட்டுள்ளது. யப்பானியர் சொற்களின் ஈற்றில் ஓகாரத்தைச் சேர்ப்பார். சீக்கியர் ஓயாது மன்னிப்புக் கோருவார். வாரந்தோறும் அவர்கள் அதே பிழையைச் செய்ய, பார்ப்போர் நகைப்பர்.

இத்தொடரைப் பார்த்து ஆங்கிலம் கற்றோம் என்பாரும் உளர். ஆசிரியர் பிழையைத் திருத்தும் இடங்களிற் பயன் உண்டென்பதை மறுத்தற்கில்லை. ஒரு சொல்லுக்குரிய இரண்டு பொருள்களுள் தவறானதை மாணாக்கர் கொள்வதும், அதனால் வகுப்பு வேறொரு திசையிற் செல்வதும், நல்ல சொற்பாடமாக அமையும் இடங்கள் பல. ஆயினும் இத்தொடரின் அடிப்படையில் ஒரு குறை உளது. அதில் வரும் மாணாக்கர் மொழியைக் கற்றுத் தேறிவிட்டால் நாடகம் முடிந்துவிடும். அவர்கள் கல்லாதிருத்தலே அதன் உயிர். அன்றியும் அவர்தம் பிழைகள், மெய்யாகக் கற்பார் ஒருவரின் நாவிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. ஆங்கிலேயர் ஒருவர் பிற நாட்டாரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்திலிருந்து எடுக்கப்பட்டவை. தமிழன் ஏன் தவறுகிறான், யப்பானியன் ஏன் தவறுகிறான் என்ற காரணத்தை அந்நகை காட்டுவதில்லை. இன்னார் இவ்வாறே பேசுவர் என்று மட்டுங் காட்டுகின்றது. இனத்தாரை இழித்துக் காட்டுகின்றது என்ற குறைபாடு நோக்கியே அந்நிலையத்தின் மைக்கல் கிறேட் என்னும் அதிகாரி 1979இல் அதனை நிறுத்தினார்.

எள்ளல் இருவகைப்படும் என்பர் உரையாசிரியராகிய பேராசிரியர். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று. பின்னையது பெருந்தன்மையுடையது, எனினும் அஃது உள்ளத்தில் வலிமையுடையார்க்கே இயலும். பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் அதனை எதிர்பார்த்தல் தகாது. அவனைப் பிறர் நகும்போது அவனிடம் தோன்றும் மெய்ப்பாடு இளிவரலாகும். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன இளிவரலின் நிலைக்களங்கள். ஒரே ஓசை ஒரு பக்கத்தில் நகையாகவும் மறுபக்கத்தில் இளிவரலாகவும் விளையும் இடம் ஆங்கில வகுப்பறையைப் போல் வேறொன்றில்லை. கலக்கமும் அச்சமும் உடையார் உள்ளத்தில் ஒரு திரை விழும். அத்திரையை ஊடுருவி மொழி உட்செல்லாது என்று 1982இல் ஸ்டீபன் கிறாசன் என்னும் அமெரிக்க அறிஞர் வற்புறுத்தினார். நம் வகுப்புகளிற் கடைசி வாங்கில் ஆண்டுக்கணக்காக வாய்திறவாது இருக்கும் பிள்ளைகளைக் கண்ட ஆசிரியர்க்கு இக்கொள்கை புதியதன்று.

இனிப் பேதைமை. பேதைமையாவது அறியாமை. சொல்லின் பொருளை அறியாது அதனை வழங்குதல் ஆங்கில நகைச்சுவையின் பழைய ஊற்று. ஷேக்ஸ்பியர் 1598ஆம் ஆண்டளவில் எழுதிய 'மச் அடு அபவுட் நதிங்' நாடகத்தில் டொக்பெரி என்னும் காவலன் வருகிறான். குற்றவாளிகளைக் கைதுசெய்தோம் என்பதற்கு 'அப்பிரிகென்ட்' என்னும் வினையை வழங்கவேண்டிய அவன், விளங்கிக்கொள்ளல் என்னும் பொருளுடைய 'கொம்பிரிகென்ட்' என்பதை வழங்குகிறான். தமிழிற் சொல்வதாயின், கள்வனை விலங்கிட்டோம் என்னாது கள்வனை விளங்கிட்டோம் என்பது போலாம். லகர ளகர வேறுபாட்டினை எத்துணைச் சூத்திரங்களாற் கற்பித்தாலும் இவ்வொரு வாக்கியம் போல் மனத்திற் பதியாது. ஆங்கிலத்தில் அவ்விரு வினைகளும் இலத்தீனில் பற்றுதல் என்னும் பொருளுடைய ஒரே வேரிற் பிறந்தவை. கையாற் பற்றுதல் ஒன்று; கருத்தாற் பற்றுதல் மற்றொன்று. நகைத்த மாணாக்கனுக்கு இதனை அக்கணமே கூறிவிட்டால் இரு சொற்களும் வாழ்நாள் முழுதும் அவனுக்கு உரியவாகும்.

1775இல் முதன்முதல் மேடையேறிய ஷெரிடனின் 'த றைவல்ஸ்' நாடகத்தில் வரும் மலாப்புறொப் அம்மையார் இவ்வகையில் அரசி எனலாம். சிகரம் எனற்குரிய 'பினக்கிள்' என்பதை விட்டு அன்னாசியாகிய 'பைனப்பிள்' என்பதை அவர் ஆள்வார். முதலையாகிய 'அலிகேற்றர்' வரவேண்டிய இடத்தில் உருவகக்கதையாகிய 'அலிகரி' வந்து கிடக்கும். இத்தகைய பிழைக்கு அவ்வம்மையார் பெயரே ஆங்கிலத்திற் பொதுப்பெயராகிவிட்டது. ஆயினும் டொக்பெரிக்கும் இவருக்கும் வேற்றுமை உண்டு. இவர் கல்லாதவர் என்பதற்காக நாம் நகைப்பதில்லை. கற்றவர் போல் வீறுகொண்டு பிறரைத் திருத்த முற்படுகின்றமையால் நகைக்கின்றோம். பெண்பிள்ளைகள் எவ்வளவு கற்கலாம், எவ்வளவு கற்றலாகாது என்று தீர்ப்புரைப்பவரும் இவரே. பெருஞ்சொல்லைப் பிறர்மேல் அதிகாரஞ் செலுத்துங் கருவியாகக் கொண்டவர் அச்சொல்லாலேயே வீழ்கின்றார். ஆங்கிலத்தை வாளாக ஏந்தியவர் கையையே அவ்வாள் வெட்டுகின்றது. இந்நகை கற்பாரை வருத்தாது. அவர்க்கு ஊக்கம் அளிக்கும்.

இவ்விடத்தில் நகைச்சுவையின் எல்லையையும் கூறல் வேண்டும். சிகரம், அன்னாசி என்னும் இரண்டுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை முன்னரே அறிந்தவனுக்கன்றி மலாப்புறொப் அம்மையாரின் பேச்சு நகை விளைவிக்காது. ஒன்றை மட்டும் அறிந்தவன் விழிப்பான். இரண்டையும் அறியாதவன் பிறர் நகைப்பதைப் பார்த்துத் தானும் நகைப்பான். ஆதலின் நகைச்சுவை புதுச்சொல்லைக் கொணர்ந்து தருவது அரிது. அரைகுறையாக அறிந்த சொல்லை நிலைநிறுத்துவதே அதன் தொழில். அது பாடம் என்பதிலும் பரீட்சை என்பது பொருந்தும், நகைத்தவன் சித்தியடைந்தான். நகைச்சுவைப் படங்களை மட்டும் பார்த்து ஆங்கிலத்தை முற்றக் கற்கலாம் என்று விளம்பரஞ் செய்வோர் இவ்வெல்லையை மறைக்கின்றனர். தனித்திருந்து வெளிவாரிப் பட்டத்துக்குப் பயில்வோர் இதனை நன்கறிவர். பெருநகை விளைக்கும் நாடகத்தையும் குறிப்புரையின் துணைகொண்டு, இஃது இன்னவாறு நகைக்கத்தக்கது என்று மனனஞ் செய்யவேண்டிய நிலை அவர்க்குண்டு. விளக்கத்தை எழுதிப் புள்ளியும் பெறலாம். நகை மட்டும் பிறப்பதில்லை. நாடகத்தைக் கேட்குமுன் சொல்லைக் கற்பித்தல் ஆசிரியர் கடன். கேட்டபின் விளக்குதல், ஆறிய கஞ்சியை மீண்டும் அடுப்பேற்றுதல் போலாம்.

மூன்றாவதாகிய இளமை, பிள்ளைத்தன்மையால் வரும் நகை. சொல்லை விளையாட்டுப் பொருளாகக் கொள்ளுதல் குழந்தைகளின் இயல்பு. ஷேக்ஸ்பியர் 1599 அளவில் எழுதிய 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் இதற்குச் சிறந்த காட்சி உண்டு. பிரெஞ்சு இளவரசி கதரின் தன் தோழி அலிசிடம் ஆங்கிலம் கற்கிறாள். கை, விரல், நகம், முழங்கை, கழுத்து, மோவாய் என உடலுறுப்புகளின் பெயர்கள் பாடமாகின்றன. ஒவ்வொரு புதுச்சொல்லையும் கற்றவுடன் முன்னர்க் கற்றவற்றையும் சேர்த்து அவள் ஒப்புவிக்கிறாள். பெயர்கள் அவள் வாயிற் சிதைகின்றன. இறுதியில் வரும் இரு சொற்கள் தன் தாய்மொழியில் நாகரிகமற்ற சொற்கள் போல் ஒலிப்பதைக் கேட்டுத் திடுக்கிடுகிறாள். திடுக்கிட்டும் பாடம் முழுவதையும் மீண்டுஞ் சொல்கிறாள். இன்றைய மொழியாசிரியர் ஒருவர் இதனினும் சிறந்த பாடத்திட்டத்தை வகுத்தல் எளிதன்று. பெயரிடுதல், திரும்பக் கூறுதல், முன்னையதோடு கூட்டுதல், ஒலியொப்புமையால் நினைவில் இருத்துதல் ஆகிய யாவும் இதில் உள. அவளை எவரும் எள்ளவில்லை. நகைப்பவளும் வியப்பவளும் அவளே.

ஆனால் இக்காட்சி வருமிடத்தையும் கருதல் வேண்டும். ஆர்ப்ளர் என்னும் பிரெஞ்சு நகரம் ஆங்கில மன்னனிடம் சரணடைந்ததன் பின்னரே இது வருகின்றது. தன் நாட்டை வெல்ல வந்தவனின் மொழியையே அவள் விளையாட்டாகக் கற்கிறாள். அவ்விளையாட்டின் அடியில் ஒரு வருத்தம் உளது. அதனை உணர்வதற்கு நம்மினும் உரியார் யாவர்? ஆயினும் அவள் அழுதுகொண்டு கற்கவில்லை. வேற்றுமொழியைத் தன் செவிக்கேற்பப் புரட்டி, அதனைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் உரிமையை அவள் விட்டுவிடவில்லை.

சொல்விளையாட்டு தமிழ் மாணாக்கனுக்குப் புதியதன்று. பாம்பையும் எள்ளையும் ஒரே செய்யுளிற் பாடிய காளமேகப்புலவரின் மரபில் வந்தவன் அவன். சிலேடையைச் சுவைக்கத் தெரிந்தவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் பல பொருள் தருவதைக் காட்டினால் உடனே பற்றிக்கொள்வான். 'பிரசென்ட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வரவுப் பதிவின்போது மாணாக்கன் சொல்வதும் அது. பிறந்தநாளிற் பெறுவதும் அது. இலக்கணத்தில் நிகழ்காலமும் அது. நிகழ்காலம் வகுப்புக்கு வரவில்லை என்றோ, ஆசிரியர் நிகழ்காலத்தைப் பரிசளித்தார் என்றோ மாணாக்கர் தாமே வாக்கியங்கள் அமைத்து நகைக்கலாம். அச்சொல்லே வழங்குதல் என்னும் வினையாகும்போது அழுத்தம் முதலசையை விட்டு ஈற்றசைக்குச் செல்லும் என்பதையும் அந்நகையோடு சேர்த்துக் கற்பிக்கலாம். 2000ஆம் ஆண்டில் கை குக் என்னும் ஆங்கில அறிஞர், மொழியோடு விளையாடுதல் மொழிகற்றலின் ஓய்வுநேரப் பகுதியன்று, அதன் நடுவே நிற்பது என்று ஒரு நூலில் நிறுவமுயன்றார். சிலேடை மரபுடைய நமக்கு அதனை ஏற்றல் அரிதன்று.

நான்காவதாகிய மடன் இக்கட்டுரையின் மையமாகும். பேதைமையும் மடனும் ஒன்றல்ல. ஒன்றும் அறியாமை பேதைமை. கேட்டதை ஆராயாது அவ்வாறே மெய்யெனக் கொள்ளுதலும், கொண்டதை விடாது பற்றுதலும் மடன் என்பது உரைமரபால் அறியப்படும். சொற்பிழை பெரும்பாலும் பேதைமையின் பாற்படும். இலக்கணப்பிழை பெரும்பாலும் மடனின் பாற்படும். இறந்தகாலத்துக்கு ஈற்றில் 'ட்' ஒலி வரும் என்று கற்பித்தோம். 'வோக்' என்பது 'வோக்ட்' ஆயிற்று. அவ்விதியை விடாது பற்றிய பிள்ளை 'கோ' என்பதைக் 'கோட்' என்கிறது. 'டிட்' என்பது இறந்தகாலத்தைக் காட்டும் என்றோம். 'வென்ட்' என்பதும் இறந்தகாலம் என்றோம். இரண்டையும் விடாத பிள்ளை 'டிட் யூ வென்ட்' என்று வினவுகிறது. இறந்தகாலத்தை இரண்டு முறை இறக்கச் செய்த அப்பிள்ளையிடம் அறியாமை எங்கே உளது? நாம் சொன்னதை நம்பியதன்றி வேறொன்றும் அது செய்யவில்லை. கற்பாரின் பிழைகள் குற்றங்களல்ல, அவர் உள்ளத்தில் உருவாகிவரும் இலக்கணத்துக்குச் சான்றுகள் என்று பிற் கோடர் என்னும் அறிஞர் 1967இல் எழுதிய கட்டுரை மொழியாசிரியரிடையே ஒரு திருப்பத்தை உண்டாக்கிற்று. அவர் ஆராய்ச்சியாற் கண்டதற்கு நிலைக்களமான வேறுபாட்டைப் பேதைமை, மடன் என்னும் இரு சொற்களில் நம் முன்னோர் அடக்கிவைத்துள்ளனர்.

மடனிற் பிறக்கும் நகை, பிழைசெய்தவனை விட்டு விதியின்மேற் செல்லும். அதனாலேயே அது இலக்கணம் கற்பிக்கும். எடுத்துக்காட்டாக, நிசிம் எசக்கியல் என்னும் பம்பாய்க் கவிஞர் எழுதிய 'குட்பை பார்ட்டி ஃபோர் மிஸ் புஷ்பா ரீ. எஸ்.' என்னும் கவிதையைக் கொள்ளலாம். வெளிநாடு செல்லும் ஒரு பெண்ணுக்கு அளிக்கப்படும் பிரிவுபசார உரையாக அமைந்த அது, தொடர் நிகழ்காலத்தை இடந்தோறும் பெய்து நகை விளைக்கின்றது. இந்தியரின் ஆங்கிலத்தை இது எள்ளுகின்றதா, அன்றி அன்போடு படம்பிடிக்கின்றதா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. வெறும் ஓசையைக் கேட்டு நகைப்பவனுக்கு அஃது எள்ளலே. அப்பிழைக்குக் காரணம் தேடுபவனுக்கு அஃது இலக்கணப் பாடம். தமிழன் ஏன் அவ்வாறு பேசுகிறான்? நம் மொழியில் 'போகிறேன்' என்பது நாள்தோறும் போவதையும் குறிக்கும்; இப்போது போய்க்கொண்டிருப்பதையும் குறிக்கும். ஆங்கிலமோ இரண்டுக்கும் இரு வடிவம் கேட்கும். அறிதல், விரும்புதல், வெறுத்தல் முதலிய நிலைவினைகளுக்குத் தொடர்வடிவம் பெரும்பாலும் ஆகாது என்றுங் கூறும். நாமோ 'எனக்கு அவரைத் தெரியும்' என்று எதிர்கால வடிவத்தில் இன்றைய அறிவைக் கூறுவோம். இன்று அறிந்தவரை நாளைக்கு அறிவதாகச் சொல்லுந் தமிழைக் கண்டு ஆங்கிலேயன் நகைக்கலாம். அறிந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லவொண்ணாத ஆங்கிலத்தைக் கண்டு நாம் நகைக்கலாம். இருபாலும் நகை எழும்போது எவர்க்கும் இளிவரல் இல்லை.

உடன்பாட்டுச் சொல்லும் அவ்வாறே. 'நீ நேற்று வரவில்லையா?' என்றால், வராத பிள்ளை 'ஓம், வரவில்லை' என்னும். கேட்டவர் கூற்றுக்கு அது உடன்படுகிறது. ஆங்கிலத்தில் 'யெஸ்' என்றால் வந்தேன் என்றே பொருள்படும். வழக்குமன்றத்தில் சாட்சி ஒருவன் இவ்வாறு விடையிறுத்தால் என்ன ஆகும் என்று சிறு நாடகம் ஒன்றை மாணாக்கரே எழுதி நடிக்கலாம். எதிர்மறை வினாவுக்கு விடையளிக்கும் முறையை அதன்பின் அவர்கள் மறவார்.

கௌரி ஷிண்டே இயக்கி 2012இல் வெளிவந்த 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' திரைப்படம் நம்மவர் பலர் பார்த்தது. சிறீதேவி நடித்த சசி என்னும் இல்லத்தலைவி ஒரு சொல்லைத் தவறாக ஒலித்தமைக்காகத் தன் மகளாலேயே எள்ளப்படுகிறாள். பின்னர் நியூயோர்க்கில் நான்கு வார வகுப்பொன்றிற் சேர்கிறாள். அங்கே நாட்டின் பெயர்முன் 'த' என்னும் சுட்டு ஓரிடத்தில் வருவதும் ஓரிடத்தில் வாராமையும் ஏன் என்று அவள் எழுப்பும் ஐயம் நகையை விளைக்கும். ஆயினும் அந்நகை அவளைச் சுட்டுவதில்லை, அம்மொழியின் விசித்திரத்தைச் சுட்டுகிறது. ஐக்கிய நாடுகள் எனத் தொகையாக வருவதற்குச் சுட்டு வேண்டும். இந்தியா என்னும் தனிப்பெயர்க்கு வேண்டா. அச்சுட்டு இல்லாத மொழியிற் பிறந்த எவர்க்கும் இவ்வையம் இயல்பானது. வீட்டில் எழுந்த நகையையும் வகுப்பில் எழுந்த நகையையும் அருகருகே வைத்தமை அப்படத்தின் சிறப்பு. முன்னையது அவளை ஊமையாக்கிற்று; பின்னையது பேசவைத்தது. பின்னையதிலும் மாணாக்கர் சிலர் 'மைன்ட் யுவர் லாங்குவிச்' தொடரின் சாயலில் வார்க்கப்பட்டமை ஒரு குறையே. எனினும் இங்கே மாணாக்கி கற்றுத் தேறுகிறாள். கதை அவள் தேர்ச்சியை நோக்கி நடக்கிறது.

பேர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' இவ்வகை நாடகங்களுள் தலையாயது. 1913இல் வியன்னாவிலும் 1914இல் இலண்டனிலும் மேடையேறியது. மலர் விற்கும் எலிசாவுக்கு ஹிகின்ஸ் என்னும் ஒலியியல் அறிஞர் உயர்குடியினரின் உச்சரிப்பைக் கற்பிக்கிறார். மூன்றாம் அங்கத்தில், விருந்தினர் நடுவே அவள் மாசற்ற உச்சரிப்போடு தன் தெருவின் இலக்கணத்தையும் செய்தியையும் பேசுகிறாள். ஒலி வேறு, இலக்கணம் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய பாடநூல் இல்லை. அங்கிருக்கும் இளைஞன் அதனைப் புதுநாகரிகப் பேச்சென்று கருதி மயங்குகிறான். ஓசையைக் கேட்டு மனிதனை நிறுக்கும் சமூகமே அங்கு நகைக்கப்படுகிறது. இறுதியில் எலிசா ஓர் உண்மையை உரைக்கிறாள். தனக்கு மெய்யான கல்வி ஹிகின்சின் பயிற்சியால் வரவில்லை. தன்னை முதல்நாள் தொட்டு மரியாதையாக விளித்த பிக்கரிங் என்பவராலேயே வந்தது என்பது அதன் சாரம். ஆங்கிலம் கற்பிக்கும் ஒவ்வொருவரும் நெஞ்சிற் கொள்ளவேண்டியது இது.

இதுகாறும் பிறநாட்டு ஆக்கங்களையே நோக்கினோம். நம் வகுப்பறையில் நகை இருந்ததா எனின், இருந்தது. ஆனால் அது ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1993இல் ஓர் ஆய்விதழிலும் 1999இல் ஒரு நூலிலும் தம் வகுப்பொன்றைப் பற்றி எழுதினார். போர்க்காலத்தில் அங்கு வழங்கிய பாடநூல் அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. அதில் வரும் மாந்தரும் அவர்தம் வாழ்வும் மாணாக்கர்க்கு அயல். வகுப்பில் அவர்கள் உரையாடற் பயிற்சிகளை விரும்பாது, பரீட்சைக்குதவும் இலக்கண விதிகளையே வேண்டினர். ஆனால் அதே மாணாக்கர் அப்பாடநூலின் ஓரங்களில் படங்களும் கேலிக் குறிப்புகளும் தமிழ்ப்பண்பாட்டுச் செய்திகளும் எழுதி நிரப்பியிருந்தனர். பக்கத்தின் நடுவே ஆங்கிலமும் உவர்ப்பும். ஓரத்தில் தமிழும் நகையும். அவர்க்கு நகைக்கத் தெரியாமலில்லை. நகைக்கும் உரிமை தமக்கு ஆங்கிலத்தில் உண்டென்று அவர்கள் கருதவில்லை என்றே நாம் கொள்ளலாம்.

தமிழில் அவ்வுரிமையை நமக்கு நிலைநாட்டியவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. 1940இல் வெளிவந்த அவருடைய 'நானாடகம்' யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை அவ்வண்ணமே மேடையேற்றியது. அதிலுள்ள 'உடையார் மிடுக்கு' என்னும் தலைப்பே எளியாரைவிட்டு அதிகாரத்தின் மிடுக்கை நகைப்பொருளாக்கும் நோக்கை உணர்த்தும். பின்னர்ச் சானா எனப்பட்ட சண்முகநாதன் இலங்கை வானொலியில் வழங்கிய 'இலண்டன் கந்தையா' வீடுதோறும் கேட்கப்பட்டது. நம்மை நாமே பார்த்து நகைக்கும் ஆற்றல் நம்மிடம் குறைவில்லை. அவ்வாற்றலை ஆங்கில வகுப்பின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொணர்தலே இனிச் செய்யவேண்டுவது. விலங்கும் விளக்கமும் மயங்கும் காவலனையும், 'ஓம்' என்று சொல்லி வழக்கிழக்கும் சாட்சியையும், ஆங்கிலம் தெரிந்ததாக நடித்து அகப்படும் உத்தியோகத்தரையும் பாத்திரங்களாகக் கொண்ட சிறு நாடகங்களை ஆசிரியரும் மாணாக்கரும் சேர்ந்து எழுதலாம். ஒவ்வொன்றும் ஓர் இலக்கண விதியைச் சுற்றி அமைதல் வேண்டும். பிழைசெய்யும் பாத்திரத்தை வகுப்பிற் சிறந்த மாணாக்கன் நடித்தல் வேண்டும். திருத்தும் பாத்திரத்தைக் கடைசி வாங்கிற் பிள்ளைக்கு அளித்தல் வேண்டும். இம்முறை சிறிதெனினும் பயன் பெரிது.

இதற்கு நேரமில்லை, பரீட்சை அண்மையில் உளது என்பர் சிலர். பரீட்சைக்கென மனனஞ் செய்த விதிகள் பரீட்சை மண்டபத்து வாயிலிலேயே உதிர்வதை ஆண்டுதோறும் காண்கின்றோம். நகை வகுப்பின் ஒழுங்கைக் குலைக்கும் என்பர் வேறு சிலர். ஒழுங்கைக் குலைப்பது எள்ளல். மற்றை மூன்றும் அதனைக் குலைப்பதில்லை. ஆதலின் ஒரு நகைச்சுவையை வகுப்புக்குக் கொண்டுவருமுன் ஆசிரியர் இரு வினாக்களை எழுப்புதல் நன்று. இதில் நகைக்கப்படுவது ஆளா, விதியா? இதைக் கேட்டு முதலில் நகைப்பவர் கற்பவரா, கற்றவரா? விதியே நகைக்கப்படுமாயின், கற்பவரே முதலில் நகைப்பாராயின், அந்நாடகம் ஷேக்ஸ்பியருடையதாயினும் நம் மாணாக்கன் ஒருவன் கொப்பியில் எழுதியதாயினும் வகுப்புக்கு உரியதே. அவ்வாறன்றெனின், எத்துணைப் புகழ்பெற்றதாயினும் அதனை விலக்குதல் தகும். வினாவுக்கு விடை தெரிந்தும் கையுயர்த்த அஞ்சும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உளது. அப்பிள்ளையின் வாயைத் திறப்பிக்கும் நகையையே நாம் தேடவேண்டும்.